பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளிக்கிடும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் 'இல்லம்' என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும், இருந்தும் வளர்க்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் இடம். 2009 இல் போர் முடிந்த காலத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை, தகப்பன் இன்னொரு குடும்பம், அம்மம்மாவுக்கு ஏலாது. இப்படிப் போகும் கதைகள்.

பதினெட்டு வயதானால் சட்டத்தின் கணக்கில் அந்தப் பிள்ளை பெரிய ஆள். உயர்தரப் பரீட்சை வருவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். பரீட்சை முடியும்வரை வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு. அதற்குப் பிறகு ஒரு பையும் சான்றிதழ்களுமாக வெளியே வர வேண்டியதுதான். அப்படி வரும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க விரும்பும் ஆசிரியருக்கும், ஓய்வுபெற்றவருக்கும், பழைய மாணவருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் நிற்பவருக்கும் எழுதுவது இது.

ஒன்றை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லத்தில் மணி அடித்தால் எழும்ப வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். எந்த உடுப்பு, எந்தப் பாடம், எத்தனை மணிக்கு நித்திரை என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்துவிடுவார்கள். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைக்குக்கூட ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரியாமல் இருக்கும். தேங்காய் எப்போதும் குசினிக்கு மூட்டையில்தான் வந்து இறங்கியது, பிள்ளை என்ன செய்யும்? ஆகவே அந்தப் பிள்ளைக்குக் குறைவாகக் கிடைத்தது முடிவெடுக்கும் பழக்கம். காசு, உடுப்பு, மடிகணினி எல்லாம் யாராவது கொடுப்பார்கள். பழக்கத்தை நீங்கள் கொடுக்கலாம். பதினெட்டு வரும்வரை காத்திராமல் பதினாறிலேயே தொடங்கினால் நல்லது.

சரியான வாசலால் உள்ளே போங்கள்

நேரே பிள்ளையிடம் போகாதீர்கள். இல்லத்தின் பொறுப்பாளரிடம் போங்கள். அவர் ஊடாக நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தருக்கும் உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போவதென்றால் அனுமதி கேட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தனியே உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம். உங்கள் மனம் சுத்தமாக இருக்கலாம். அந்த விதி உங்களையும் சேர்த்துத்தான் காக்கிறது. பிள்ளைக்கு எங்காவது தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

படம் எடுத்து முகநூலில் போடும் வேலை வேண்டவே வேண்டாம். இங்கே ஒரு சோடி சப்பாத்துக் கொடுப்பதற்கும் பதாகை கட்டிப் படம் எடுப்பார்கள். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது அந்தப் படத்தைத் தேடி எடுத்தால், 'இல்லத்துப் பிள்ளை' என்ற பெயர் அவனோடு கூடவே போகும்.

இன்னொன்று: குறைந்தது ஒரு வருடம் ஒழுங்காக வர முடியுமென்றால் மட்டும் தொடங்குங்கள். வந்து, ஒட்டி, பிறகு காணாமல் போன பெரியவர்கள் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள்.

'நீங்களே சொல்லுங்கோ' என்ற பதில்

முதல் சந்திப்பிலேயே "என்னவாக வரப் போகிறாய்?" என்று கேட்காதீர்கள். நன்கொடையாளர் வரும்போதெல்லாம் கேட்ட கேள்வி அது. "டொக்டர்" என்று மனப்பாடமாகப் பதில் வரும். சின்னதாகக் கேளுங்கள்: "இல்லத்தை விட்டுப் போன முதல் திங்கட்கிழமை காலமை எழும்பி என்ன செய்வாய்?" இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம்தான் பதில். அந்த மௌனத்துக்குள் நிறையக் கிடக்கிறது. எங்கே எழும்புவது, என்ன சாப்பிடுவது, எந்த பஸ்ஸில் போவது என்று ஒவ்வொன்றாக இழுத்து எழுதலாம். எதை முதலில் பழக்க வேண்டும் என்ற பட்டியல் அங்கேயே வந்துவிடும்.

இனி, எதைக் கேட்டாலும் ஒரு பதில் வரும்.

"எந்தக் கோர்ஸ் செய்ய விருப்பம்?"

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை."

இது மரியாதையாகத் தெரியும். பாதி மரியாதை, மீதி பயம். பிழையாகத் தெரிவு செய்தால் ஏச்சு விழும் என்று பழகிய பயம். சொல்லிவிடுவது உங்களுக்கு மிக இலகு, அதனால்தான் வாயைக் கட்ட வேண்டும். இரண்டு தெரிவை மட்டும் முன்னால் வையுங்கள். "இதுவும் இருக்கு, அதுவும் இருக்கு. வெள்ளிக்கிழமை வரேக்கை நீ சொல்லு." வெள்ளிக்கிழமையும் அதே பதில் வந்தால் அடுத்த வெள்ளி. பிள்ளை உங்களுக்குப் பிடிக்காத தெரிவைச் சொல்லும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

கடதாசிகள்

இதில் கொஞ்சம் அதிக நேரம் செலவழியுங்கள். மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகிறது.

ஒரு நல்ல கோப்பு வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். உள்ளே இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, பாடசாலை விடுகைப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறு, கிளினிக் கொப்பி இருந்தால் அது, இல்லத்தில் இருந்த காலத்தை உறுதிப்படுத்தும் கடிதம். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து ஒரு மின்னஞ்சலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இடம்பெயர்ந்த சனத்துக்குக் கடதாசி தொலைந்தால் என்ன பாடு என்று தெரியும்.

பிறப்புப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருப்பதால், முல்லைத்தீவிலோ மன்னாரிலோ பிறந்த பிள்ளையின் சான்றிதழ்ப் பிரதியையும் பெரும்பாலும் இங்குள்ள பிரதேச செயலகத்திலேயே எடுக்கலாம். பிறந்தபோது பதியவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இழுபடும். ஆகவேதான் பதினாறிலேயே தொடங்கச் சொன்னேன். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம். படிக்கும் பிள்ளைக்குப் பாடசாலை அதிபர் ஊடாக, இல்லாவிட்டால் கிராம அலுவலர், அதாவது எல்லோரும் சொல்லும் ஜீ.எஸ். ஊடாக.

பெயரைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாடசாலைப் பதிவில் இன்னொரு எழுத்து, ஆங்கிலத்தில் மூன்றாவது விதம். தகப்பன் பெயர் முன்னால் வருவதா, முதலெழுத்தாகச் சுருங்குவதா என்பதிலும் குழப்பம். வங்கியும் கடவுச்சீட்டு அலுவலகமும் இதைத்தான் பிடித்துத் திருப்பி அனுப்பும். எல்லாக் கடதாசியையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

அலுவலகத்துக்குப் போகும்போது கதைப்பது பிள்ளையாக இருக்கட்டும். முந்தின நாள் இல்லத்திலேயே ஒரு தரம் சொல்லிப் பார்க்கலாம். என்ன கேட்பார்கள், என்ன கொடுக்க வேண்டும், 'நாளைக்கு வா' என்றால் என்ன சொல்வது? கவுண்டரில் இருப்பவர் வயதில் மூத்தவரான உங்களைப் பார்த்துத்தான் கதைக்கத் தொடங்குவார். நீங்கள் ஒரு அடி பின்னுக்கு நின்று, "தம்பிதான் விண்ணப்பிக்கிறார், அவரோடை கதையுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். குரல் நடுங்கும். கேட்ட பத்திரம் ஒன்று கோப்பின் அடியில் போய்விடும். தேடட்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். "ஆர் சொன்னது, எந்த மேசை, எப்ப வரச் சொன்னது" என்பதைக் கோப்பின் உள்மட்டையில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை அது கைகொடுக்கும்.

பதினெட்டானதும் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய வேண்டும். வாக்குப் போடுவது ஒரு பக்கம் இருக்க, 'நான் இந்த இடத்தில்தான் வசிக்கிறேன்' என்று காட்ட இந்த நாட்டில் அந்த இடாப்பைப் பல இடங்களில் கேட்பார்கள். இல்ல முகவரியிலிருந்து போனவர் புது முகவரியில் பதியாவிட்டால் இரண்டு இடத்திலும் இல்லாத ஆளாகிவிடுவார்.

சந்தையும் குசினியும்

சமையலை 'பயிற்சிப் பட்டறை' ஆக்காதீர்கள். பையைக் கொடுத்து, ஒரு தொகைக் காசைக் கொடுத்து, தின்னவேலிச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு பேருக்கு மூன்று நாளைக்குச் சமைக்கக் காணும்படி வாங்க வேண்டும். நீங்கள் பின்னால் நடக்கிறீர்கள், அவ்வளவுதான். முதல் தடவை எல்லாம் கிலோக் கணக்கில் வாங்குவார்கள். பச்சைமிளகாய் ஒரு கிலோ! இல்லத்தில் பார்த்த அளவு அதுதானே. காற்கிலோ, நூறு கிராம் கேட்கலாம் என்பதே புதுச் செய்தி. கத்தரிக்காயின் காம்பு வாடியிருக்கிறதா, மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா, இரண்டு கடை தள்ளி என்ன விலை என்று பார்க்காமல் வாங்கினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் காசு முடிந்த பிறகு தானாக விளங்கும். மிச்சக் காசை எண்ணி வாங்குவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, சொதி, சம்பல். புட்டும் வந்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். அறையில் தனியே இருப்பவருக்குச் சின்ன எரிவாயுச் சிலிண்டர் போதும், 2.3 கிலோவிலும் 5 கிலோவிலும் வருகிறது. ரெகுலேற்றரைப் பூட்டிக் கழற்றுவதையும், வாயு மணம் வந்தால் முதலில் யன்னலைத் திறக்க வேண்டும், ஸ்விச்சைத் தொடக்கூடாது என்பதையும் கையால் செய்ய வைத்துப் பழக்குங்கள். பெடியன்களுக்கும் இது கட்டாயம். "தங்கச்சி சமைப்பா, தம்பி சந்தைக்குப் போவான்" என்ற பங்கீட்டை அங்கேயே முறியுங்கள். கடைச் சாப்பாட்டில் ஓடும் பெடியனின் சம்பளம் இருபதாம் திகதியே தீர்ந்துவிடும்.

காசு

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், அட்டையும் இரகசிய இலக்கமும் பிள்ளையிடம். நீங்கள் வெளிநாட்டிலிருந்து உதவுபவரென்றால் மொத்தமாகப் பெரிய தொகை அனுப்பாதீர்கள். மாதாமாதம் ஒரு தொகை, எப்போது குறையும், எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். ஊரிலேயே இருக்கும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராவதும் நல்லது. சின்னச் சேமிப்பு, சின்னக் கடன், தெரிந்த முகங்கள்.

பதினெட்டு முடிந்தவுடன் வரும் ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கையெழுத்து! அன்றுவரை ஒப்பந்தம் எழுத முடியாத பிள்ளை, அன்றிலிருந்து பிணை நிற்கத் தகுதியான ஆள். கூட வேலை செய்யும் அண்ணன் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துக் கேட்பார். வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத சித்தப்பா நுண்கடனுக்குக் கேட்பார். சொந்தம் என்று ஒருவர் வந்து கேட்கும்போது இல்லை என்பது இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினம், சொந்தத்துக்குத்தானே ஏங்கியிருந்தார்கள். ஆகவே மறுக்கும் வசனத்தை முன்கூட்டியே வாயில் பழக்குங்கள்: "எனக்குப் பிணை நிக்க ஏலாது சித்தப்பா, வேணுமெண்டா வேறை உதவி கேளுங்கோ." அவர் கடன் கட்டாவிட்டால் கட்டுவது யார் என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். விளங்காத மொழியில் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது, வங்கியோ பொலிஸோ எதுவானாலும். தமிழில் வாசித்து விளக்கும்படி கேட்டுவிட்டு, விளங்கிய பிறகு போடலாம்.

முதல் சம்பளத்தில் கைப்பேசி வாங்கிவிட்டு மாதக் கடைசியில் கையை விரித்துக்கொண்டு வந்தால்? சாப்பாடு கொடுங்கள், காசு கொடுக்காதீர்கள். ஏசவும் வேண்டாம்.

வேலையும் பயிற்சியும்

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் ஊர் நமது. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டம் வரை போகிறது. நான்காம் மட்டம்வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம், யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் எல்லாவற்றிலும் இந்த வழிப் படிப்புகள் உண்டு. சாதாரண தரம் சித்தியடையாதவரைச் சேர்க்கும் கற்கைநெறிகளும் இருக்கின்றன. ஏற்கெனவே கராஜிலோ வயரிங் வேலையிலோ கைபழகியவருக்கு, முன்பு கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறையும் உண்டு. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

சேருமுன் பயிற்சி நடக்கும் இடத்துக்கு ஒரு நாள் போய் நின்று பாருங்கள். பெண் பிள்ளை என்றதும் தையல், அழகுக்கலை என்று எழுதிவிடும் கைகளைக் கொஞ்சம் தடுத்து, குளிரூட்டி திருத்தும் வகுப்பையும் காட்டுங்கள். தையல்தான் வேண்டுமென்று அவளே சொன்னால் சரி, தையல்.

வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியுடையது, 12 வீதம் முதலாளி போட வேண்டியது. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முதலாளி தனியாகக் கட்ட வேண்டும். கடைகளில் "நீ இல்லத்துப் பிள்ளை, சாப்பாடும் படுக்கையும் தாறம்" என்று சொல்லி இதைத் தவிர்ப்பார்கள். 16 வயதுக்குக் கீழே வேலைக்கு அமர்த்துவது சட்டவிரோதம். ஆபத்தான வேலைகளுக்கு வயது 18.

வெளிநாட்டு முகவர் கதை வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று கேளுங்கள். ஐரோப்பா என்று சொல்லிக் கூட்டிப்போய் ரஷ்யப் படையில் விடப்பட்ட வடக்கு இளைஞர்களின் செய்திகள் 2024 இல் வந்ததே. தேடிக் கேட்க வீட்டில் யாரும் இல்லாத பிள்ளைதான் இவர்களுக்கு வசதி.

அறை

தின்னவேலி, கோண்டாவில் பக்கம் மாணவர்களுக்கு அறை கொடுக்கும் வீடுகள் அதிகம். இரண்டு பேர் சேர்ந்து எடுப்பது நல்லது. முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் வாடகைக்குள் அடங்குமா என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" என்று தொடங்குவார். அது சாதி விசாரணை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்குச் சில வேளை பதிலே தெரியாது. இந்த ஓரிடத்தில் மட்டும் நீங்கள் முன்னுக்கு நின்று கதைக்கலாம். "எனக்குத் தெரிந்த பிள்ளை, நான் பொறுப்பு" என்ற ஒரு சொல் போதும். போதாது என்று சொல்லும் வீட்டில் இருந்தும் பயன் இல்லை.

பின்னேரங்கள்

இருபது பேரோடு படுத்தெழும்பியவருக்கு அறையில் தனியாகக் கழியும் முதல் மாதம் பொல்லாதது. மாவா, ஐஸ் என்ற போதைப்பொருள்கள் நுழைவதும் இந்த வெறும் பின்னேரங்களில்தான். புத்திமதியால் பெரிய பயன் இல்லை. விளையாட்டுக் கழகம், வாசிகசாலை, கோயில் தொண்டு, சேர்ச் பாடகர் குழு என்று கிழமையில் இரண்டு பின்னேரத்துக்கு ஒரு இடம் இருக்கட்டும். தீபாவளி, பொங்கல், நத்தார், நல்லூர்த் தேர் போன்ற நாட்களில் சாப்பிடக் கூப்பிடுங்கள். ஊரே குடும்பமாகத் திரியும் நாட்கள் அவை. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று பேச்சு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் உண்டு, போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் உண்டு. கூடப் போங்கள், உள்ளே பிள்ளை தனியே போகட்டும்.

நீங்கள் விலகும்போது

அழைப்புகள் மெல்லக் குறையும். "அண்ணை, நான் அறை மாறிட்டன், சொல்ல மறந்திட்டன்" என்று ஒரு நாள் வரும். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் இல்லாமல் முற்பணம் பேசி, சாமான் ஏற்றி, முகவரி மாற்றியிருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

நீங்களே வெளிநாடு போவதென்றால் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். உங்களுக்குப் பதிலாக ஊரில் நிற்கும் ஒருவரை அறிமுகப்படுத்தி, இரண்டு மூன்று தடவை மூவரும் சேர்ந்து சந்தியுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கம் மாறினால் அந்தக் கோப்பின் உள்மட்டையில் புதியதை எழுதச் சொல்லுங்கள். இல்லத்தின் பொறுப்பாளருக்கும் அதைக் கொடுத்து வையுங்கள்.